ஏழாங்கிளாஸ் மேடம்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருப்பவரின் முதுகில் சாக்பீஸால் மெல்லக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கரும்பலகை முன் நிற்கும் பயிற்சி மாணவர் மின்சுற்றை வரைந்து முடித்து, "புரிஞ்சுதா?" என்று திரும்பியதும் இவருடைய கை உயர்கிறது.

"சார், பல்பு கரண்டத் தின்னுடுதுல்ல? அப்புறம் ரெண்டாவது ஒயர் எதுக்கு சார்? வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பறதுக்கா?"

வகுப்பு சிரிக்கிறது. பயிற்சி மாணவர் கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அதே கை மறுபடியும் உயர்கிறது.

"சார், பாத்ரூம் போகணும் சார்."

நடுநிலைப் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் எங்கள் பயிற்சிக் கல்லூரியில் இவர் அறிவியல் விரிவுரையாளர். மாதிரி வகுப்பு எடுக்கும் மாணவர்களுக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக உட்கார்ந்து அவர்களைத் திணறடிப்பதுதான் இவர் பாடம் நடத்தும் முறை. மாணவர்கள் இவருக்கு 'ஏழாங்கிளாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதுக்கு எட்டாத தூரத்தில்தான் சொல்வார்கள், ஆனாலும் அவருக்குத் தெரியும். "என்னை எப்பப்பா எட்டாங்கிளாஸுக்குப் பாஸ் போடப்போறீங்க?" என்று ஒருநாள் அவரே கேட்டுவிட்டார்.

மொழிப்பாடக்காரனான நான் பதினாறு வருடமாக அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டுகிறேன். அலமாரியில் என் பாதியில் அகராதிகள் இருக்கும். அவர் பாதியில் வினிகர், காந்தம், பலூன், உயிர்விட்ட டார்ச் லைட்டுகள். நான் திருத்திய விடைத்தாள்கள் எல்லாம் ஊறுகாய் மாதிரி மணக்கும். ஒருமுறை என் மேசையின் அடி டிராயரை இழுத்தால், ஈரப் பஞ்சில் பயறு வெளிறிப்போய் முளைத்துக்கிடந்தது. சண்டைக்குப் போனேன். "இருட்டுல எப்படி வளருதுன்னு பாக்கணுங்க. இந்த ரூம்ல தொறக்காத டிராயர் உங்களோடதுதான்" என்றார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்களுடைய தப்பான பதில்களைப் பொறுக்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். ஸ்வெட்டர் போர்த்தினால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்று ஒரு பையன் சொன்னானாம். ராத்திரியில் எல்லா நிழலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்று ஒருத்தி சொன்னாளாம். திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, சம்பள உயர்வு கிடைத்தால்கூட அப்படி இருக்காது.

"இது தப்பில்லங்க, யோசனை. இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் நம்ம ஆளுங்க கிளாஸ்ல கத்தறாங்க."

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர் கணவருக்கு ஒரே குறைதான். "எங்க வீட்ல டம்ளர் டம்ளரா இருக்காது சார். ஏதாவது ஒண்ணு அதுல மெதந்துக்கிட்டு இருக்கும்." மகளுக்கு வேறு குறை. "உப்பு எங்கம்மான்னு கேட்டா, 'எங்க இருக்கும்னு நீ நெனைக்கிற?'ன்னு கேக்கறாங்க அங்கிள். கொழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு அங்க!"

வகுப்பில் இப்படி வாயாடும் மனுஷி, மேலதிகாரிகள் முன்னால் பெட்டிப்பாம்பு. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். அந்தப் பக்கம் இருப்பவர் வெறும் குமாஸ்தாவாக இருந்தாலும் சரிதான். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் செய்முறைத் தேர்வு. பக்கத்துப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பார்த்திருக்க, ஒவ்வொரு பயிற்சி மாணவரும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அன்று முதல் ஆள் 'மருந்துக்கடை அக்கா'. பத்து வருடம் மருந்துக்கடையில் நின்று வேலை பார்த்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். டீச்சர் ஆவதற்காகவே அந்த வேலையை விட்டு வந்தவர். போன வருடம் இதே தேர்வில் பிள்ளைகளைப் பார்த்ததும் வாயடைத்து நின்று தோற்றுப்போனார். இரண்டு வாய்ப்புக்கு மேல் கிடையாது. இதிலும் தோற்றால் மறுபடி மருந்துக்கடைதான். என் மாணவர்கள் அடுத்து இருந்ததால் நானும் பின்னால் ஏழாங்கிளாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி ஜாடி. தீ அணைந்தது, ஜாடிக்குள் தண்ணீர் ஏறியது. எரியும்போது ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அக்காவும் கணீரென்று அதையே சொன்னார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், எரியறப்ப தண்ணி சும்மாதான இருந்துச்சு? அணைஞ்சப்புறம்தான் சரசரன்னு ஏறுச்சு. ஆக்ஸிஜன் கொஞ்சம் கொஞ்சமா தீந்தா, தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்ல?"

அக்கா அப்படியே நின்றார். போச்சு, போன வருடக் கதைதான் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியலடா. இன்னும் ஒண்ணு பத்த வெச்சுப் பாக்கலாமா?"

இரண்டு மெழுகுவத்தி வைத்தார். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. அதே ஜாடி, அதே காற்று, பின்னே எப்படி? பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள் விளையாடப் போனார்கள். அக்கா வெளியே வராண்டாவில் காத்திருந்தார். தேர்வாளர் நல்ல மனிதர்தான், பசி வேளை. மடமடவென்று எழுதினார். 'பாட அறிவு போதாது. பாடம் முடிக்கப்படவில்லை.' நூற்றுக்கு முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். பயிற்சி விரிவுரையாளரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மதிப்பெண் செல்லும். "இங்க போடுங்க மேடம்" என்று தாளை நகர்த்தினார்.

ஏழாங்கிளாஸ் பேனாவைத் திறந்தார். போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சார்..." சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "சார், பதினோரு வருஷம் நானும் ஆக்ஸிஜன்னுதான் சொல்லிக்குடுத்தேன். தண்ணி எப்ப ஏறுதுன்னு நான் பாக்கவே இல்ல. தெரிஞ்சப்புறமும் புஸ்தகத்த மீறிச் சொல்லத் துணியல. எங்கிட்ட படிச்சவங்க எத்தனையோ பள்ளிக்கூடத்துல இன்னைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பொண்ணு பாத்துட்டா. இவங்க தெரியலன்னு ஒத்துக்கிட்டு, உடனே இன்னொண்ணு பத்த வெச்சாங்க. அத்தனை வருஷத்துல எனக்கு அது தோணல சார்."

பதினாறு வருடத்தில் இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு அதிகாரி முன்னால், தன் பிழைப்பிலேயே தான் செய்த தப்பைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

"புஸ்தகத்துல அப்படித்தான மேடம் இருக்கு?"

"இருக்கு சார். நீங்களே ஒரு தடவ பத்த வெச்சுப் பாருங்களேன்."

தட்டு மேசைமேலேயே இருந்தது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தீப்பெட்டியை எடுத்தார். ஒரு மெழுகுவத்தி வைத்துக் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று மெழுகுவத்தியை ஒட்ட வைத்துப் பற்றவைத்தார். மூன்றும் அணைந்த பிறகு தண்ணீர் விறுவிறுவென்று ஜாடியில் பாதி வரைக்கும் ஏறி நின்றது.

"சூடான காத்து வெளிய போயிடுது. மிச்சக் காத்து ஆறிச் சுருங்கறப்ப தண்ணி உள்ள வருது." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "முப்பது வருஷமா நானும் ஆக்ஸிஜன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன், மேடம்."

உட்கார்ந்தார். எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்தார். முப்பத்தெட்டை அடித்துவிட்டு அறுபத்துநான்கு என்று போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். தாளை மறுபடியும் நகர்த்தினார்.

ஏழாங்கிளாஸ் பேனாவைத் தாளில் வைத்தார். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.