சிபேந்திரநாத் சர்கேல் எங்கிருந்தாலும்

பிறப்பு 1957, ஹூக்ளி மாவட்டம், பத்ரேஷ்வர். பெயர் சிபேந்திரநாத் சர்கேல். சணல் ஆலையின் தறிப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை. ஆலைப் பேரேட்டையும் வாக்காளர் அட்டையையும் விட்டால் வங்காளிகள் 'நல்ல பெயர்' என்று சொல்லும் அந்த முறையான பெயர் வேறெங்கும் புழங்கியதில்லை. தெருவுக்கும் கேரம் மன்றத்துக்கும் அவர் லாட்டு. பம்பரம் என்று பொருள். தறிகளின் இரைச்சல் அவருடைய இரு காதுகளையும் தின்றுவிட்டிருந்தது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைக் கொண்டே பேச்சைப் புரிந்துகொள்வார்.

2018 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. கேரம் நண்பர்கள் நெப்பு, ஹாபுல் இருவருடனும் முர்ஷிதாபாத்துக்கு வந்த இரண்டாம் நாள். மழை கொட்டியதால் படகுச் சவாரி நின்றது; சாலையில் வெள்ளம் ஏறியதால் பேருந்தும் நின்றது. மூவரும் பழைய மாளிகையொன்றில் இருந்த அருங்காட்சியகத்தில் ஒதுங்கினர்.

கைப்பேசிகளை வாயிலிலேயே ஒப்படைக்க வேண்டுமாம். லாட்டு தயங்கினார். அவருடைய அண்ணன் சின்சுராவில் மருத்துவமனையில் கிடந்தார். நிலைமை மோசமானால் அழைப்பதாக மகள் மிட்டு சொல்லியிருந்தாள். மதியம் 1.55 ரயிலைப் பிடித்தால் மாலை ஆறு மணிக்குள் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிடலாம். அதை விட்டால் மறுநாள்தான்.

"நான் வெளியவே நிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"நனைஞ்சு நீயும் ஆஸ்பத்திரில படுக்கவா?" என்றார் ஹாபுல்.

வாயிலில் இருந்த பணியாளர் படிவத்தை நீட்டினார். "இதுல பேர் எழுதுங்க காக்கு. போன் அடிச்சா மைக்ல கூப்பிடுறேன்." காக்கு என்றால் சித்தப்பா.

லாட்டு எழுதினார். படிவம் என்றால் நல்ல பெயர்தான். அவருக்கு வேறு பழக்கமில்லை. பிறகு நண்பர்களிடம் திரும்பினார். "மைக்ல கூப்பிட்டா எனக்குக் கேக்காது. நீங்கதான் சொல்லணும்."

"எங்க நாலு காதும் உனக்குத்தான்டா. நீ பீரங்கியப் பாரு," என்றார் நெப்பு.

12.50க்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "சிபேந்திரநாத் சர்கேல் எங்கிருந்தாலும் உடனே வாயிலுக்கு வரவும்."

நண்பர்கள் நிமிர்ந்ததை லாட்டு கவனித்துவிட்டார். "என்னடா, எனக்கா?"

"உனக்கில்ல. யாரோ ஜமீன்தார் வீட்டு ஆளு."

மூன்றாம் முறை அதே பெயர் ஒலித்தபோது ஹாபுலுக்குப் பொறுக்கவில்லை. "இந்த சிபேந்திரநாத்துக்கு என்ன, காது செவிடா?"

நெப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன வேடிக்கை என்று தெரியாமலேயே லாட்டுவும் சேர்ந்து சிரித்தார்.

2.20க்கு வெளியே வந்தார்கள். லாட்டுவைக் கண்டதும் பணியாளர் எழுந்துவிட்டார். "சிபேந்திரநாத் காக்கு! எங்க போனீங்க? தொண்ட கிழியக் கத்துனேனே!"

நெப்பு சுவரைப் பார்த்தார். ஹாபுலின் உதடுகள் மெல்ல அசைந்தன. "லாட்டு... அது உன் பேரா?"

"ஆமா. ஏன்?"

பணியாளர் அவருடைய கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதில் மிட்டுவின் செய்தி இருந்தது: 'பெரியப்பா உங்களையே கேக்குறாரு. உடனே கெளம்புங்கப்பா.' லாட்டு அவளை அழைத்துக் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். எந்த ஒலியும் பிடிபடவில்லை. அதை ஹாபுலிடம் நீட்டினார். "நீ கேட்டுச் சொல்லு."

ஹாபுல் கேட்டார். சொல்லத்தான் வாய் வரவில்லை. லாட்டு அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் அன்று மாலை 7.40க்கு இறந்தார். அருங்காட்சியகத்தின் அன்றைய பதிவேட்டில் உள்ள வரி: சிபேந்திரநாத் சர்கேல், அறிவிப்பு, ஏழு முறை.