முதல் ஐந்தில் ஒருத்தி

என் மகளை முதலிலேயே ஆட விட வேண்டுமா, உட்கார வைத்துப் பிறகு இறக்க வேண்டுமா என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டைக்கெல்லாம் இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? அண்ணனூரில் எங்கள் தெருவில் யாருக்கும் கூடைப்பந்து தெரியாது. "உன் பொண்ணு இன்னும் பந்தாடிகினுதான் கீறாளா?" என்று தண்ணீர் பிடிக்கும்போது கேட்பார்கள். ஆமாம் என்பேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் பிரிந்திருக்கிறதா, பட்டன் கோணலா என்று பார்ப்பது என் வேலை. வீட்டுக்காரர் பூந்தமல்லி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். விளையாடி ஒருவர் முன்னுக்கு வரலாம் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

மகள் ஆறாவது படிக்கும்போதே என்னைவிட உயர்ந்துவிட்டாள். "உங்க ஊட்ல ஒட்டடை அடிக்க கொம்பே வாங்க வேணாம்" என்று தெருவே கேலி செய்தது. அந்த உயரத்தைப் பார்த்துத்தான் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரையில் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தருபவர் அவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பிள்ளைகளைத் திட்டுவதைக்கூட "ஏம்மா" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவள் பத்தாவது முடித்ததும் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிட்டியில் சில காலேஜ்கள் நன்றாக ஆடும் பெண்களுக்கு சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுக்கும். அங்கே மூன்று வருடம் ஆடினால் ரயில்வே, போலீஸ் என்று வேலைக்கும் வழி பிறக்கும். "இவளுக்கு அந்த சீட்டு கெடைக்கணும், நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பந்து விளையாட்டுச் சாமானாக இல்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டு போனால்கூட வீட்டுக்காரர் குனிந்து எடுத்துத் துடைத்து வைப்பார்.

அவள் ஆடும் மேட்ச்சை நான் முதன்முதலாகப் பார்க்கப் போனது ஆவடியில். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் ஐந்து பெண்கள் உள்ளே ஆடுகிறார்கள். என் மகள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் இடத்தில் ஆடியது பாரிவாக்கத்தில் புதிதாக வந்த ஃபிளாட்டில் குடியிருக்கும் பெண். தென்காசிப் பக்கத்துக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பேரும் ஐடி கம்பெனி. ஃபிளாட்டுப் பிள்ளை ஆடணும், ஷேர் ஆட்டோக்காரன் பிள்ளை தண்ணி குடிக்கணுமா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

பத்துப் பத்து நிமிடமாக நான்கு கால் பகுதிகள் ஆடுவார்கள். இரண்டாவது கால் பகுதியில் மாஸ்டர் மகளை இறக்கினார். அதுவரை நம் பிள்ளைகள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் போன பிறகு எதிர்ப் பக்கத்துப் பெண்கள் பந்தைத் தட்டித் திரும்புகிற இடத்திலெல்லாம் இவள் முன்கூட்டியே நின்றாள். பந்து தானாக இவள் கைக்கு வருகிற மாதிரி இருந்தது. ஜெயித்தார்கள்.

ரயிலில் வரும்போது பொரிந்து தள்ளினேன். "பெஞ்ச தேய்க்கறதுக்கா ஷூ வாங்கிக் குடுத்தேன்? ஃபர்ஸ்ட் ஃபைவ்ல ஏன் உன்ன போடல?"

"ம்மா, ஒக்காந்து பாத்தாதாம்மா எனக்கு ஆட வருது" என்றாள். "நாலாம் நம்பர் போட்டுகினு ஒருத்தி ஆடுனா பாத்தியா? அவ எடது பக்கம் திரும்பவே மாட்டா. உள்ள இருந்தா அதெல்லாம் தெரியாது. வெளிய ஒக்காந்தா பளிச்சுனு தெரியுது."

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். "உங்க பொண்ணு பாத்துட்டு ஆடறவம்மா. மொதல்லயே எறக்கினா கண்ண கட்டி வுட்ட மாதிரி தடவுவா. அந்த ஃபிளாட்டு பொண்ணு அப்படி இல்ல. எப்ப எறக்கினாலும் ஒரே மாதிரி ஆடும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் நானும் அப்படித்தான். புது மாடல் சட்டை வந்தால் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தடவை மேஜையில் விரித்துப் பார்த்துக்கொள்வேன். என்னிடமிருந்துதான் அவளுக்கு அது வந்திருக்க வேண்டும். எனக்கு அது பிழைப்புக்கு உதவியது. அவளுக்கு அதுவே வினையாகப் போயிற்று.

ஏனென்றால் எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்துக்குச் சீஃப் கெஸ்ட் வருவார். அவர் வரும்வரை ஆட்டம் தொடங்காது. வந்ததும் இரண்டு பக்கத்து முதல் ஐந்து பேரும் நடுவில் வரிசையாக நிற்பார்கள். மைக்கில் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல அவர் கை குலுக்குவார், போட்டோ எடுப்பார்கள். காலேஜ்களிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்க வருகிற பி.டி. மேடங்களும் அவரோடுதான் முன்வரிசையில் உட்காருவார்கள். முதல் கால் பகுதி முடிந்ததும் சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை. அவர் எழுந்து போவார், அவரை வழியனுப்ப நடத்துபவர்கள் போவார்கள், சாப்பாடு ஏற்பாடு செய்த இடத்துக்கு மேடங்களும் போவார்கள். ஆக, முதல் பத்து நிமிடம் ஆடுகிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். என் மகள் எழுந்து உள்ளே போகிற நேரத்தில் பார்க்க வேண்டியவர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படியே இரண்டு இறுதி ஆட்டங்கள் போயின. இரண்டையும் அவள்தான் ஜெயித்துக் கொடுத்தாள். வேறு வேறு பெண்களின் பெயரைக் காலேஜ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் தினமும் இதே பேச்சு. முதலில் இறங்கு என்பேன் நான். வராது என்பாள் அவள். ஒருநாள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னாமே நீ கத்திகினே கீற? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சொல்லுவாங்கோ. இது பந்தியா படையா, அத்த மொதல்ல சொல்லு" என்றார். மகள் சிரித்துவிட்டாள். நானும்தான். அவளுக்கு அது படை. சீட்டு கொடுப்பவர்களுக்கு அது பந்தி.

பன்னிரண்டாவது படிக்கும்போது கடைசி வாய்ப்பாக ஒரு டோர்னமெண்டு வந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாஸ்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "நாளைக்கு நல்ல காலேஜ் மேடங்க ரெண்டு பேர் வராங்கம்மா. உன்ன ஃபர்ஸ்ட் ஃபைவ்ல போடட்டுமா? மேட்ச் போனாலும் பரவால்ல. உன் சீட்டுதான் முக்கியம்" என்றார். ஜெயிப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனிதர் அப்படிச் சொன்னார். மகள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு வருடமாகச் சொன்னதெல்லாம் என் முகத்திலேயே இருந்திருக்கும்.

"போறேன் சார்" என்றாள்.

மறுநாள் வீட்டுக்காரர் சவாரி ஏற்றவில்லை. சொந்தக்காரர்களை ஆட்டோ நிறைய அடைத்துக்கொண்டு வந்தார். சீஃப் கெஸ்ட் வருவதற்கு நேரமாகிக்கொண்டே போயிற்று. ஓடி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்ட பிள்ளைகளுக்கு வியர்வை காய்ந்து, மறுபடி ஓடி, மறுபடி காய்ந்தது. கடைசியில் அவர் வந்தார். மைக்கில் என் மகள் பெயர் முதல் ஐந்தில் வந்ததும் எங்கள் ஆட்கள் விசில் அடித்த அடியில் சீஃப் கெஸ்ட்டே திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை குலுக்கும்போது அவள் மட்டும் எதிர் வரிசைப் பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஆட்டம் தொடங்கியது. எதிரில் வந்த பெண் இடது பக்கம் போனால் இவள் வலது பக்கம் போனாள். பிடிக்கப் போய்க் கையைத் தட்டிவிட்டாள், ஒரு ஃபவுல். கொஞ்ச நேரத்திலேயே தோளில் இடித்து இன்னொன்று. ஐந்து ஃபவுல் விழுந்தால் அந்த ஆள் ஆட்டத்துக்கே கிடையாது. ஆரம்பத்திலேயே இரண்டு விழுந்த பிள்ளையை எந்த மாஸ்டரும் உள்ளே விட்டு வைக்க மாட்டார். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஃபிளாட்டுப் பெண்ணை இறக்கினார். அந்தப் பெண் வழக்கம் போல நிதானமாக ஆடி நிலைமையைச் சரிக்கட்டினாள்.

நான் முன்வரிசைக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மேடம் மற்றவரிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "பெஞ்ச்லேர்ந்து வந்து எவ்ளோ நல்லா செட்டில் பண்றா பாருங்க. இந்த மாதிரி பொண்ணுதான் நமக்கு வேணும்."

அந்த நிமிடம் எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அம்மா, பெஞ்சிலேர்ந்து வருகிற பொண்ணு அதோ உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தானம்மா என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். பரிசளிப்பு மேடைக்கு வேண்டும் என்று முன்வரிசை நாற்காலிகளை வாலண்டியர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது கால் பகுதியில் மகள் மறுபடி இறங்கினாள். அதற்குள் அவள் வேண்டிய மட்டும் பார்த்திருந்தாள். அவள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. எங்கிருந்து எறிந்தாலும் விழுந்தது. எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எரிச்சலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஜெயித்து முடித்து, மற்ற பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதிக்கும்போது, அவள் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தி முன்வரிசை இருந்த பக்கம் பார்த்தாள். உயரமான பிள்ளை, யாரும் மறைக்கவில்லை. வெறும் தரை கிடந்தது.

காலேஜிலிருந்து மாஸ்டருக்குப் போன் வந்தது, ஃபிளாட்டுப் பெண்ணைக் கேட்டு. மாஸ்டர் என் மகளைப் பற்றி மன்றாடியிருக்கிறார். "பாத்தோம் சார், அந்த பொண்ணு ரொம்ப பதட்டப்படுது" என்று சொல்லிவிட்டார்களாம். ஃபிளாட்டுப் பெண்ணின் அப்பா, இன்ஜினியரிங்தான் என்று சொல்லி அந்த சீட்டை வேண்டாம் என்றுவிட்டார். அது வேறு யாருக்கோ போயிற்று. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, நான் சொன்னேன் ஆன்ட்டி, என்னை விட அவதான் நல்லா ஆடுவான்னு மேடம்கிட்ட போன்லயே சொன்னேன்" என்று அழுதாள். அவள் மேல் கோபப்பட முடிந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். காபி போட்டுக் கொடுத்தேன்.

உட்கார வைத்திருந்தால் மட்டும் சீட்டு கிடைத்திருக்குமா? அதற்கு முன் உட்கார வைத்தபோது என்ன கிடைத்தது? இப்படிப் போனாலும் சுவர், அப்படிப் போனாலும் சுவர். மாஸ்டர் என்னைக் கண்டால் இப்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவர் செய்த ஒரே தப்பு, எங்களுக்காக ஒரு நாள் அவர் வழியை விட்டுக் கொடுத்தது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், சொல்ல வாய் வரவில்லை.

வேறு காலேஜ் எதற்கும் அந்த வருடம் எங்களால் அனுப்ப முடியவில்லை. சும்மா இருப்பதற்கு உன்னோடு கம்பெனிக்கு வருகிறேன் என்று அவளே சொன்னாள். அழைத்துக்கொண்டு போனேன். என் மேஜைக்கு எதிர் லைனில் காலர் தைக்கும் மெஷினில் போட்டார்கள். கம்பெனி முதலில் கொடுத்த டிரெய்னிங்கில் தையல் பழகியிருந்தாலும் அந்த மாடல் அவளுக்குப் புதிது. அவள் மெஷினில் உட்காராமல் பக்கத்து மெஷின்காரி தைப்பதையே கவனித்துக்கொண்டு நின்றாள். இறுதி ஆட்டத்தில் எதிர் வரிசையைப் பார்த்த அதே பார்வை.

சூப்பர்வைசர் வந்தார். "இன்னாம்மா நின்னுகினு கீற? டார்கெட்டு யாரு முடிக்கிறது?"

"கொஞ்ச நேரம் பாத்துக்கறேன் சார். அப்புறம் ஒக்காந்தா கரெக்டா தெச்சிடுவேன்."

"பாக்கறதுக்கு இங்க இன்னா சினிமாவா ஓடுது? ஒக்காரு, ஒக்காரு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். முதல் பீஸ் செக்கிங்குக்கு என் மேஜைக்குத்தான் வந்தது. காலர் கோணல். திருப்பி அனுப்பினேன்.