பெரியப்பா திருப்பிக் கொடுத்த பந்து

அந்தப் பந்து எங்களை நோக்கி வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். வலது கையில் நாச்சோஸ் சிப்ஸ் தட்டு. இடது கையில், ஸ்கூல் காலத்திலிருந்து ஒவ்வொரு பேஸ்பால் மேட்சுக்கும் மாட்டிக்கொண்டு போகும் தோல் க்ளவ். சத்தியமாக எனக்கு இந்த ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் தெரியாது, வீரர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. நான் போவது ஒரே காரணத்துக்கு. அடித்த பந்து கோட்டுக்கு வெளியே பறந்து கூட்டத்தில் விழுந்தால், பிடித்தவருக்கே அது சொந்தம்; வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த ஒரு பந்துக்காக எத்தனை வெயில், எத்தனை ரயில்! ஒன்றுகூட என் பக்கம் வந்ததில்லை. அன்று வந்தது, நேராக என் க்ளவுக்கு. அதற்கு முன்னால் இரண்டு வெறுங்கைகள் நீண்டன. என் பெரியப்பாவின் கைகள்.

ஈரோட்டிலிருந்து அமெரிக்காவுக்கு, ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாளெல்லாம் சோபாவில் போரடித்துக் கிடந்தவரை, "ஒரு மேட்ச் காட்டிட்டு வா" என்று அப்பா என் தலையில் கட்டிவிட்டார். ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டது.

"ஏன் அம்மணி, இதுல எத்தனை ஓவரு?"

"ஓவரெல்லாம் கிடையாது பெரியப்பா."

"அப்ப எப்பத்தான் முடியும்?"

நியாயமான கேள்விதான். ஸ்டேடியத்தில் இன்னும் மோசம். ஒருவர் அடித்துவிட்டு மட்டையைப் போட்டுவிட்டு ஓடியதும், "மட்டைய உட்டுட்டு ஓடறானே, ரன் அவுட்டு ஆயிருவான்!" என்று நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி கவலைப்பட்டார்.

சரி, பந்துக்கு வருகிறேன். பிடித்த அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு கைகளையும் கிண்ணம் மாதிரி குவித்து, நெஞ்சோடு சேர்த்து, சத்தமே இல்லாமல் வாங்கினார். எங்கள் வரிசையே அலறியது. நான் குதித்தேன்.

"பெரியப்பா, குடுங்க! சீக்கிரம் குடுங்க!"

"இரு அம்மணி, குடுத்தர்றேன்."

ஒரு காலை முன்னால் வைத்தார், உடம்பை வளைத்தார், மைதானத்துக்குள் விட்டெறிந்தார்.

பந்து ஒரே குத்தில் உள்ளே நின்ற ஊழியரிடம் போனது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதைப் பக்கத்துப் பகுதிக்குத் தூக்கிப் போட்டார். பியர் கோப்பையோடு நின்ற ஒரு மொட்டைத் தலைக்காரர் அதைப் பிடித்து முத்தம் கொடுத்தார். என் பந்துக்கு!

"மறுக்காவும் வெளிய போடறான் பாரு, கூறுகெட்டவன்!" என்றார் பெரியப்பா.

கூட்டம் எங்களைப் பார்த்து ஊளையிட்டது. காவல் பெண்மணி ஒருவர் வந்து, இன்னொரு முறை மைதானத்துக்குள் எதையாவது எறிந்தால் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். மொழிபெயர்த்தேன்.

"எடுத்துக் குடுத்ததுக்கா திட்டறா?"

"அது நமக்குத்தான் பெரியப்பா! நாம வச்சுக்கலாம்!"

"அதெப்படி? பந்து இல்லாம அவங்க எதைய வெச்சு ஆடுவாங்க?"

"ஒரு மூட்டையே வச்சிருக்காங்க!"

நம்பவில்லை. அடுத்த பந்து வீசப்படும்வரை நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் ரயிலில் விளக்கம் கிடைத்தது. சின்ன வயதில் இவர்கள் தெரு மொத்தத்துக்கும் ஒரே பந்து. மைதானத்தை ஒட்டி ஒரு வீடு. காம்பவுண்டுக்குள் விழுந்தால் அந்த வீட்டுக்காரி தர மாட்டாளாம். எத்தனை கெஞ்சினாலும் ஜன்னலைச் சாத்திக்கொள்வாளாம். அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுமாம். "அந்தப் பொம்பள மாதிரி நாமளும் பண்றதா?" என்று கேட்டார். ஆக, க்ளவ் மாட்டிக்கொண்டு காத்திருந்த நான் அந்த ஜன்னல் சாத்துகிற பொம்பளை. எனக்கு வந்த கோபத்தில் வீடு வரும்வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நன்றாகத் தூங்கினார்.

பெரியப்பா ஊருக்குப் போய்விட்டார். இந்த சீசனில் தனியாகத்தான் போனேன். நேற்று ஒரு பந்து முன் நாற்காலியில் பட்டு எழும்பி என் க்ளவுக்குள் வந்து உட்கார்ந்தது. கத்திய கத்தில் தொண்டை இன்னும் சரியாகவில்லை. வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இன்று காலை வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. "பலே அம்மணி, பலே! புடிச்சிட்டியா! குடுத்துட்டீல்ல?"

பந்து என் மேசையில் இருக்கிறது. நான் பதிலை டைப் செய்வதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அவர் மெசேஜுக்கு நீலக் கோடுகள் விழுந்தாகிவிட்டது. நான் கேட்டுவிட்டேன் என்று அங்கே அவருக்குத் தெரியும்.