பதினான்கு நாளில் மூடிய புகார்

பிரபாகர் சார், வெள்ளையனுக்கு மாத்திரை வரவில்லை என்ற புகாரை மூன்று முறை மூடியது நீங்கள்தான். "சிஸ்டம் தானாக மூடியது" என்று சென்னையில் ஒரு மென்பொருள் கூட்டத்தில் மேடையேறிச் சொன்னீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டம் தானாக எதையும் மூடாது. எத்தனை நாளில் மூடணும், யார் போட்டதை மூடணும் என்று ஒரு ஆள் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தது நீங்கள். இரண்டாவது முறை மூடியதும் உங்கள் மேஜைக்கு வந்து நான் சொன்னேன். பார்க்கிறேன் என்றீர்கள். பார்க்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கராபுரத்தில் டைப்ரைட்டிங் படித்தேன், டேட்டா என்ட்ரியில் சேர்ந்தேன், பிறகு மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்பு கண்டுபிடிப்பதே என் வேலையானது. பிரபாகர் எங்கள் தலைமைப் பொறியாளர். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது.

1. குப்பை

கல்வராயன் மலையில் ஒரு தொண்டு நிறுவனம் மருந்து வண்டி ஓட்டியது. மாதம் ஒருமுறை வண்டி மேலே போகும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வலிப்பு என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அடுத்த மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரும். எந்த ஊரில் யாருக்கு எத்தனை மாத்திரை என்று களப்பணியாளர்கள் டேப்லெட்டில் பதிவு செய்வார்கள். அதிலிருந்து வண்டிக்கு லிஸ்ட் வரும். லிஸ்டில் பெயர் இல்லை என்றால் வண்டியில் மாத்திரை இருக்காது. அந்த ஆப் நாங்கள் செய்தது.

ஆப்பின் நிரல் முழுவதும் ஒரு ரெப்போவில் இருந்தது. நிரலின் ஒவ்வொரு வரியும், அதை யார் எப்போது மாற்றினார்கள் என்பதும், அதைப் பற்றி வந்த புகார்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்துக்கு ரெப்போ என்று பெயர். அதற்குள் மனிதர்கள் மட்டும் எழுதுவதில்லை. பாட் என்று சொல்லும் தானியங்கி நிரல்களும் எழுதும். ஒரு பாட், புது வெர்ஷன் வந்திருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டு வைக்கும். இன்னொன்று தினமும் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து போடும். மூன்றாவது, ஆப்பை ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் மிஞ்சுகிற பில்ட் ஃபைல்களை விட்டுவிட்டுப் போகும். ஒரு வருடம் போனதும் ஒரு உண்மையான புகாரைத் தேட இருபது பக்கம் தள்ள வேண்டியிருந்தது.

இதை மறைக்கப் போவதில்லை: சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டதே நான்தான்.

"சார், இதுல ஒண்ணும் தேட முடியல. பழசா கெடக்கிறத தானா அள்ளிப் போட ஒரு ரூல் வைங்க."

"மேடம், ஒரே நாள்ல வச்சிரலாம்," என்றார் பிரபாகர்.

வைத்தார். பாட் போட்ட எதையும் பதினான்கு நாள் யாரும் தொடவில்லை என்றால் தானாக மூடப்படும். முப்பது நாளில் பில்ட் ஃபைல் அழியும். பாட் போட்டது எதுவும் புரோகிராமர்களின் திரையிலேயே வராது. முதல் வாரம் எல்லோருக்கும் கண் திறந்த மாதிரி இருந்தது. எனக்கும்தான்.

2. பெட்டி

களப்பணியாளர்களுக்கு ரெப்போவில் கணக்கு கிடையாது. மலையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் படிவம் நிரப்பு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அதனால் நான் ஒரு வழி செய்து வைத்திருந்தேன். ஒரு நம்பருக்குப் போன் செய்து பேசினால் போதும். பேச்சை எழுத்தாக்கி ஒரு பாட் அதை ரெப்போவில் புகாராகப் போட்டுவிடும். அதற்குப் புகார்ப்பெட்டி என்று பெயர் வைத்தேன்.

இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பு, யார் பேசினாலும் புகார் பெட்டியின் பெயரில்தான் பதிவாகும். மனுஷி பேசியது மெஷின் பேசியதாக ரெப்போவில் நின்றது. இரண்டாவது, என் பெட்டிக்கு இரண்டே நிலைதான் தெரியும்: திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. மூடியதும் பேசியவருக்கு ஒரு மெசேஜ் போகும்: "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது." சரிசெய்யாமல் யார் மூடப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

3. மூன்று மெசேஜ்

ஓடைக்காட்டூர் என்று மேலே ஒரு சின்ன ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பங்கள். அங்கே போகிற களப்பணியாளர் அஞ்சலை. அவரே மலையில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரில் வெள்ளையன் என்பவருக்கு வலிப்பு. மாத்திரை சாப்பிட்ட இரண்டு வருடமும் ஒருமுறைகூட வரவில்லை. தனியாக ஏர் ஓட்டினார். மாத்திரை நின்றால் வலிப்பு திரும்பும். அவர் உழுகிற காடு முழுக்கச் சரிவு.

ஒரு மாதம் வண்டி லிஸ்டில் ஓடைக்காட்டூரே வரவில்லை. அஞ்சலை பெட்டியில் பேசினார். பிறகு அந்தப் பதிவைப் படித்தேன், அதனால் வார்த்தை நினைவிருக்கிறது:

"ஓடக்காட்டூர்ல நா எழுதுன பேரு ஒண்ணுகூட லிஸ்ட்ல வர்லீங்க. வெள்ளையனுக்கு மாத்தர இல்ல. எங்கிட்ட கெடந்த அட்டைய குடுத்துட்டு வந்துட்டேன். இன்னானு பாருங்க."

பாட் பெயரில் வந்ததால் அது எந்தப் புரோகிராமரின் திரையிலும் தெரியவில்லை. தெரியாததை யார் தொடுவார்? தொடாததால் பதினான்காம் நாள் மூடியது. அஞ்சலைக்கு மெசேஜ் போனது: சரிசெய்யப்பட்டது.

அடுத்த மாதமும் ஊர் வரவில்லை. வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு வந்த மாத்திரையில் பாதியை வாங்கிக் கொடுத்துவிட்டு அஞ்சலை மறுபடி பேசினார். மறுபடி பதினான்கு நாள். மறுபடி அதே மெசேஜ். இந்த முறை வெள்ளிமலைக்கு வந்து டவர் கிடைத்ததும் நேராக எனக்கே போன் செய்தார்.

"அக்கா, சரியாயிடுச்சி சரியாயிடுச்சினு ரெண்டு வாட்டி மெசேஜ் வந்துகினு கீது. ஒண்ணும் சரியாவல."

ரெப்போவில் தேடினேன். மூடியவற்றின் அடியில் இரண்டும் கிடந்தன. "செயல்பாடு இல்லாததால் மூடப்படுகிறது" என்று ஒரே வரி. பிரபாகரிடம் போனேன்.

"சார், இது ஆளுங்க சொன்ன புகாரு. ரூல் அள்ளிப் போட்டுடுச்சி."

அவர் சிரித்தார். "பாட் போட்டத பாட்டே க்ளோஸ் பண்ணிடுச்சு. நடுவுல நீங்க எதுக்கு மேடம் டென்ஷன் ஆவறீங்க? திரும்ப ஒரு தடவ போடச் சொல்லுங்க, நான் பார்க்கிறேன்."

"ரெண்டு வாட்டி போட்டாச்சு சார். அங்க வண்டி மாசத்துக்கு ஒருவாட்டி. சரியாச்சா இல்லையானு தெரியவே முப்பது நாள் ஆவும். உங்க ரூலு பதினாலு நாள்."

"ரூல ஒரு ஆளுக்காக மாத்த முடியாது. பார்க்கிறேன்னு சொல்றேன் இல்ல?"

அன்றைக்கே என் பெயரில் நேராகப் போட்டிருக்க வேண்டும். களப் புகார் எல்லாம் பெட்டி வழியாகத்தான் வரணும் என்று விதி போட்டவளே நான். அதை மீற மனம் வராமல், மூன்றாவது புகாரையும் பெட்டியில் பேசச் சொன்னேன். சார் பார்ப்பார் என்று அஞ்சலையிடம் உறுதி சொன்னேன். பதினான்காம் நாள் மூன்றாவது மெசேஜ் போனது. அக்காவே சொல்லிவிட்டாள், இந்த முறை நிஜம்தான் என்று நம்பி, அஞ்சலை யாரிடமும் மாத்திரை வாங்கி வைக்காமல் மேலே போனார். அந்த மாதமும் லிஸ்டில் ஊர் இல்லை.

4. மேஜைமேல் டேப்லெட்

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அஞ்சலை எங்கள் ஆபீசுக்கு வந்தார். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். துணிப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க பொட்டி நல்லா பொய் சொல்லுதுக்கா. கொஞ்சம்கூட தெணறாம சொல்லுது."

"இன்னா ஆச்சு அஞ்சல?"

"வெள்ளையன் ஏர் ஓட்டிக்கினு இருக்கசொல்ல வுழுந்துட்டாரு. பாறமேல. தோள்பட்ட எலும்பு ஒடைஞ்சிடுச்சி. மாடு அதும்பாட்டுக்கு போய்க்கினே இருந்துச்சாம். பொண்டாட்டி ஓடிப்போயி புடிச்சிருக்கு. நாலடி தள்ளி வுழுந்திருந்தா பள்ளம்."

மூன்று மெசேஜையும் காட்டினார். என் பெட்டி அனுப்பியது. நான் எழுதிய வாக்கியம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரோடு மேலே போனேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன், களத்துக்குப் போக அனுமதி கேட்டால் தாமதமாகும். வெள்ளையன் கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரென்று அஞ்சலை சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரு என் பேர தூக்கிடுச்சாமே. நா இன்னும் உசுரோடதான் கீறேன்னு அதுகிட்ட சொல்லிடுங்க."

அவர் மனைவி சிரிக்கவில்லை. "இனிமே ஏர் புடிக்க வுடமாட்டேன்," என்றார். "நானே ஓட்டிக்கிறேன். இந்தாளு திட்டுனாலும் பரவால்ல."

மன்னிப்பு கேட்டேன். மன்னிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

பிறகு அஞ்சலை வேலை செய்வதைப் பார்த்தேன். செவ்வாய் ஓடைக்காட்டூரில் பதிவு. வியாழன் அடுத்த ஊரில் பதிவு. இரண்டு ஊரையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆரம்பித்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு ஊரிலும் டவர் இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிமலைக்கு வந்ததும் இரண்டு நாள் பதிவும் சேர்ந்து எங்கள் சர்வரில் ஏறும். ஏறியது. வியாழக்கிழமைப் பதிவுதான் நின்றது. அது ஏறியதும் செவ்வாய்க்கிழமைப் பதிவு அழிந்துபோனது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தப்பு எனக்குப் பிடிபட்டது. ஆபீசில் நாங்கள் எப்போதும் வைஃபையில் உட்கார்ந்து ஒருநாள் பதிவை அன்றன்றைக்கே அனுப்பிச் சோதித்தோம். அஞ்சலை முதல் நாள் சொன்னதை யாராவது ஒருவர் படித்து, எந்தக் கிழமை எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். திருத்தம் நான்கு வரி. நான்கு வரிக்கு மூன்று மாதம்.

5. கையெழுத்து

நான்கு வரியை உடனே போட்டார்கள். விதியை மாற்றச் சொன்னேன். பிரபாகர் முடியாது என்றார்.

"பழசத் தானா மூடற ஸ்டேல் ரூல எடுத்துட்டா ரெப்போ நாறிடும் மேடம். கேட்டதே நீங்கதான."

"எடுக்கச் சொல்லல சார். பாட் குப்பைய அள்ளுங்க. மனுஷன் பேசுனத அள்ளாதீங்க. அவ்ளோதான்."

"அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்."

"இந்த ரிலீஸ்ல."

புது வெர்ஷன் வெளியே போக டெஸ்டர் ஒப்புதல் வேண்டும். அது என் கையெழுத்து. போடமாட்டேன் என்றேன். தொண்டு நிறுவனத்துக்குக் காட்டத் தேதி குறித்திருந்தார்கள். நான் கத்தவில்லை. தினமும் ஒன்பதரைக்கு வந்தேன், என் வேலையைப் பார்த்தேன், அந்த ஒரு பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. மேனேஜர் வந்தார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் என்னை என்ன செய்துவிடுவீர்கள் என்று கேட்டேன். ஐந்தாம் நாள் விதி மாறியது.

இப்போது பெட்டியில் பேசுகிறவரின் பெயரிலேயே புகார் பதிவாகிறது. அதை ஆள் படித்து ஆள்தான் மூட வேண்டும். மூடும்போது காரணம் எழுத வேண்டும். பேசியவர் சரி என்று சொன்ன பிறகுதான் "சரிசெய்யப்பட்டது" என்ற மெசேஜ் போகும். டெஸ்ட் ரிப்போர்ட்டும் பில்ட் ஃபைலும் முன்போலவே தானாக அழிகின்றன. அழியட்டும், அது நல்லது.

புதிதாக வருகிறவர்களே, தானாகக் காலாவதியாகும் விதி எழுதும்போது, யார் பெயரில் வந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நாள் கணக்கை உங்கள் ஆபீஸ் காலண்டரிலிருந்து எடுக்காதீர்கள், பதில் சொல்ல வேண்டியவருக்கு எப்போது டவர் கிடைக்கும் என்று கேட்டு எடுங்கள். யாரும் தொடவில்லை என்பதற்கும் தீர்ந்துவிட்டது என்பதற்கும் ஒரே வார்த்தையை வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு மனிதனின் எலும்பு முறிந்தது. என் பங்கு இது. வெள்ளையனிடம் நேரில் ஒப்புக்கொண்டேன், இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன்.

பிரபாகர் சார், உங்கள் பங்கை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சென்னையில் ஒரு ஸ்லைடு காட்டினீர்கள். நாங்கள் விதியை மாற்றுவதற்கு முந்தைய மாதத்துப் படம். "திறந்த புகார்: பூஜ்யம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பூஜ்யத்துக்குள் அஞ்சலையின் மூன்று புகார்கள் இருக்கின்றன. ஒரு பையன் எழுந்து, தவறாக ஏதாவது மூடப்பட்டதா என்று கேட்டான். அப்போதுதான் சிஸ்டம் தானாக மூடியது என்றீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. மூன்றாவது புகாரைப் பார்க்கிறேன் என்று என்னிடம் சொன்ன பிறகு, அந்தப் பதினான்கு நாளில் ஒருமுறையாவது அதைத் திறந்து படித்தீர்களா? எனக்குத் தனியாக மெயில் போட வேண்டாம். அதே மேடையில், அதே ஸ்லைடைப் போட்டுவிட்டு, கை தட்டியவர்கள் முன்னால் சொல்லுங்கள். படித்தேன் அல்லது படிக்கவில்லை. அஞ்சலையை நான் அழைத்து வருகிறேன்.