ரத்னாபாய் பிளக்கைப் பிடுங்குகிறார்

வினீத் ஏதாவது முக்கியமாக டைப் செய்துகொண்டிருக்கும்போதுதான் ரத்னாபாய் மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்குவார். முன்னறிவிப்பு கிடையாது.

"சேச்சீ! சேவ் பண்ணலை!"

"அது ஒனக்க தப்பு. கரண்ட் போகும்போ ஒன்கிட்ட சொல்லிட்டா போவும்?"

அவரை அக்கா என்ற பொருளில் 'சேச்சி' என்று கூப்பிடும் வினீத்தான் அந்த அலுவலகத்தின் முதலாளி. கரமனையில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. நான்கு பேர், ஒரு ஜன்னல், நாள் முழுக்க பஃப்ஸ் வாசனை. சம்பளம் கொடுப்பவரின் கணினியைத் திடீரென்று சாகடித்துச் சோதிக்கும் உரிமையை ரத்னாபாய் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

வயது நாற்பத்தெட்டு. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். யுபிஎஸ் விற்கும் கடையொன்றில் பதினான்கு வருடம் புகார் போன் எடுத்தவர். "ஒரே புலம்பலாக்கும். கரண்ட் போச்சு, பேட்டரி போச்சு, எழுதினதெல்லாம் போச்சு. கரண்ட் வந்தாச்சுன்னு சொல்ல ஒருத்தனும் விளிச்சதில்ல." அந்த எரிச்சலிலேயே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்க ஒரு சர்வர் இருக்கும். கட்டடத்தின் மற்ற கணினிகள் அதனோடு இணைப்பில் இருந்து, மின்சாரம் போனதும் தெரிந்துகொண்டு, வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைய வேண்டும். அந்தக் கணினிகளில் உட்கார்ந்து சர்வரிடம் நிலவரம் கேட்கும் கிளையன்ட் நிரலை எழுதுவது இவர் வேலை.

"கிளையன்ட்டுன்னா என்ன? கரண்ட் உண்டா, கரண்ட் உண்டான்னு அஞ்சு செகண்டுக்கு ஒருக்க கேட்டு உயிரை எடுக்கிற ஒரு சல்லியம். கேக்க வெக்கப்பட்டா பொழப்பு நடக்காது."

சபையில் ஜெபத்தின் நடுவே மின்சாரம் போனால் மற்றவர்கள் கண்ணைத் திறப்பதில்லை. இவர் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பார். இன்வர்ட்டர் எத்தனை நொடியில் விழித்தது என்பதை ஆராதனை முடிந்ததும் போதகருக்குத் தெரிவிப்பார். போதகர் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற ஜூனில், நகரத்தின் தனியார் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் ஒன்பது கணினிகளை யுபிஎஸ் சர்வரோடு இணைத்தார்கள். செயல்விளக்க நாளன்று ரத்னாபாய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஒன்பதும் சேமித்துவிட்டு ஒவ்வொன்றாக அணைந்தன. கூடத்தை நடத்தும் டாக்டர் கிருஷ்ணவேணி கைதட்டினார். எல்லாவற்றையும் மறுபடி இயக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். டீயோடு பழம்பொரி வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டாக்டர் பேனாவைத் திறந்தார்.

ஒரு கையில் பழம்பொரியோடு ரத்னாபாய் எழுந்துபோய், சர்வருக்குப் போகும் நெட்வொர்க் கேபிளை உருவினார். பிறகு மெயினை அணைத்தார். மின்விசிறி நின்றது. டாக்டர் ஒப்பந்தக் காகிதத்தால் விசிறிக்கொண்டார். எதிரே, யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த திரையில் பச்சை எழுத்தில் 'மின்சாரம் சீராக உள்ளது' என்றிருந்தது.

ரத்னாபாய் திரும்பி வந்து உட்கார்ந்ததும் வினீத் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தான். "போதும் சேச்சி. டாக்டர் திருப்தியா இருக்காங்க."

"டாக்டரே, இது பொய் சொல்லுது," என்றார் ரத்னாபாய். "கடைசியா கேட்ட பதிலையே பிடிச்சு வச்சிட்டிருக்கு. பதில் வராட்டி ஆபத்துன்னு எடுக்கணும். நான் அப்படி எழுதல்ல."

"அப்போ இவ்வளவு நேரம் காட்டினது?"

"அதும் நெஜம். இதும் நெஜம்."

அப்படியே விட்டிருந்தால் இருபது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்து, நோயாளிகளின் முடிவுகளைப் பாதி எழுதிய நிலையில் ஒன்பது கணினிகளும் செத்திருக்கும். டாக்டர் பேனாவை மூடினார். "பத்து நாள் தரேன். சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஆட்டோவில் திரும்பினார்கள். பேக்கரி வாசலில் இறங்கியதும் வினீத், "அந்தக் கேபிளைத் தொடாம இருந்திருக்கப்படாதா சேச்சி?" என்றான்.

"நான் தொடாட்டி எலி தொடும்."

வாய்தான் அப்படி. மாலை ரயிலில் அழுதாராம். "ஒரு ஸ்டேஷன் தூரம் மட்டும்," என்கிறார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் சொல்வதில்லை.

ஒன்பதாம் நாள் புது நிரல் தயார். பதினைந்து நொடிக்குச் சர்வரிடமிருந்து பதில் இல்லையென்றால் கணினி அலறும். இரண்டு நிமிடத்தில் இணைப்பு திரும்பாவிட்டால் சேமித்துவிட்டுத் தானே அணையும். டாக்டர் கையெழுத்துப் போட்டார். முதல் வாரத்தில் அது மூன்று தடவை காரணமில்லாமல் அலறியது. அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் ஷெமி போனில் கத்தினாள்: "அக்கா, ஒங்க நிரலு கூப்பாடு போட்டுப் போட்டு நாங்க பயந்து சாகுதோம்!" ரத்னாபாய் பஸ் பிடித்துப் போய், ஆட்டம் கொடுத்த ஒரு கேபிள் முனையை மாற்றிவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் இடிமழை. ரத்னாபாய் சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். ஷெமி கூப்பிட்டாள். வினீத் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, இடி விழுந்து நெட்வொர்க் பெட்டி கரிஞ்சு போச்சு. பின்னாலயே கரண்டும் போச்சு. எல்லா கம்ப்யூட்டரும் அலறிச்சு, சேவாகி அணைஞ்சிச்சு. ஒரு ரிசல்ட்டும் போகல்ல கேட்டியளா!"

வினீத் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "சேச்சீ!"

ரத்னாபாய் அவனைப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒண்ணாவா அலறிச்சு?"

"எட்டு ஒண்ணா. ரிசப்ஷன்ல உள்ளது மட்டும் கொஞ்சம் லேட்டு."

"எவ்வளவு லேட்டு?"

"ஆரு எண்ணினா? ஒரு இருபது செகண்ட் இருக்கும்."

ரத்னாபாய் சோற்றுத் தட்டை முழங்கையால் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்து நிரலைத் திறந்தார். குழம்பு ஒட்டிய வலது கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி, இடது கையின் ஒற்றை விரலால் டைப் செய்ய ஆரம்பித்தார்.