சைக்கிள் ட்யூப் இழுத்த பக்கம்

பேய், முனின்னு எவனாவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிர்ற ஆளுங்க நானு. இன்னைக்கும் அப்படித்தான். நீங்க சிரிக்கறதா இருந்தா சிரிச்சுக்கங்க, ஆனா நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகல்ல.

மண்ணுலயும் மேட்டுலயும் நாள்கணக்கா பைக் ஓட்டற பந்தயம் இருக்குதுங்களே, அதுக்கு வண்டிய விட ஒடம்பத்தான் மொதல்ல தயார் பண்ணோணும். கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும், ஹெல்மெட் பாரத்துல கழுத்து தளந்துபோச்சுன்னா கண்ணு தடத்துல நிக்காது, அப்பறம் எலும்பு முறியறதுதான். எனக்கு இதப் பழக்குனது எங்க பெரியப்பா பையன், சரவணன் அண்ணன். புதுச்சத்திரத்துல எங்க ஊட்டு வாசல்ல என்னைய நிறுத்தி, ஹெல்மெட்டுல சைக்கிள் ட்யூப்பக் கட்டி மறுமுனைய அண்ணன் புடிச்சுக்கும். எந்தப் பக்கம்னு சொல்லவே சொல்லாது, வெடுக்குன்னு ஒரு இழுப்பு, நான் தலைய அசையாம நிறுத்தோணும். கத்துனா, "குழி என்ன உன்னையக் கேட்டுட்டா வரும்?"னு சிரிக்கும்.

போன வருசம் தண்ணிக்கு போர் போடற ரிக் வண்டியோட வடக்க போன எடத்துல பாம்பு கடிச்சு அண்ணன் போயிருச்சு. அதுக்கும் பைக்குக்கும் என்னங்க சம்பந்தம்? ஆனா சொந்தக்காரங்க அத்தன பேரும் பைக்கத்தான் வைஞ்சாங்க. "இன்னொருக்கா நீ விழுந்தேன்னு காதுல விழட்டும் சாமி, வண்டி பழைய இரும்பு எடைக்குப் போயிரும்"னாரு எங்கப்பா. பந்தயத்துக்குப் போயே தீருவேன்னுட்டேன் நானு. ட்யூப்ப ஜன்னல் கம்பியில கட்டித் தனியாவே பழகுனேன். கம்பி இழுக்காதுங்க, நாமதான் இழுக்கோணும்.

பனமரத்துப்பட்டி ஏரி காஞ்சு கெடந்துது, அங்கதான் ஓட்டிப் பழகறது. தடத்த நடந்து பாத்துட்டுத்தான் வண்டி ஏறோணும், அது அண்ணன் வெச்ச பழக்கம். முந்தின நாள் சாயந்தரம் நடந்து பாத்தேன், சுத்தமா இருந்துது. மறுநா உச்சி வெயில்ல, ஈ காக்கா இல்ல, நல்ல வேகத்துல வாரேன், சீமைக்கருவேல மறைப்பத் தாண்டி நேராப் போகோணும், அப்பத்தான், நம்போணும்னா நம்புங்க, ஹெல்மெட்ட யாரோ எடது பக்கமா வெடுக்குன்னு இழுத்தாங்க. காத்து இல்லீங்க, ட்யூப்போட இழுப்பு எனக்குத் தெரியாதா? கழுத்த இறுக்கிப் பாத்தேன், நிறுத்த முடியல, கண்ணு எடது பக்கம் போக வண்டியும் போயிருச்சு. சறுக்கி நிறுத்தித் திரும்பிப் பாத்தா, நான் போகவேண்டிய தடத்துல ஆள் ஒசரத்துக்குக் குழி. ராவோட ராவா எவனோ டிராக்டர்ல வண்டல் அள்ளிட்டுப் போயிருக்கறான். அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

சேலத்துல எனக்குப் பிசியோ பாக்கற அக்கா மறுநா கழுத்தத் தொட்டுப் பாத்துட்டு, வலது பக்கச் சதை வீங்கியிருக்குது, எடது பக்க இழுப்ப எதுத்து நின்னாத்தான் இப்படி வரும்னாங்க. "ஜன்னல்ல கட்டிப் பழகுனா இப்படி வராதே, உன்னைய இழுக்க ஆள் கெடச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

பந்தயத்த முழுசா ஓட்டி முடிச்சேன், ஒரு எலும்பும் முறியல, அப்பாவும் வண்டியத் தொடல. விசயம் தெரிஞ்ச சொந்தமெல்லாம் பூசை போட்டு அண்ணன அனுப்பி வை, வண்டிய விட்டுருன்னாங்க. ரெண்டும் மாட்டேன்னுட்டேன்.

இப்பவும் காலையில ஜன்னல் கம்பியிலதான் ட்யூப்பக் கட்டறேன். சில நாள் நான் சும்மா நிக்கறப்பவே அந்தப் பக்கமிருந்து வெடுக்குன்னு இழுக்குதுங்க. திரும்பிப் பாக்கறதில்ல, பயந்தான். ஆனா கழுத்த இறுக்கிட்டு நானும் இழுப்பேன், விடறதில்ல.