ரேடியோவுக்காக அணைத்த விளக்கு

1942 மார்ச்சில் அப்பா ஒரு பழைய ரேடியோ வாங்கினார். அண்ணன் சிங்கப்பூரில் குமாஸ்தா. ஜனவரிக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. பிப்ரவரியில் சிங்கப்பூரே ஜப்பான்காரர் கைக்குப் போய்விட்டது. அங்கே பிழைத்திருப்பவர்களின் பெயர்களை அந்தப் பக்கத்து ரேடியோ நிலையம் ஒன்று சாயங்காலங்களில் வாசிக்கிறது என்று எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் பேச்சு.

கப்பல் வரத்து குறைந்து, அப்பா வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். அவர் ஒரே நிபந்தனை வைத்தார்.

"ஏலே, கரண்டு பில்லு ஒரு அணா கூடுனாலும் பெட்டிய வித்திருவேன். நீதான பெரிய கணக்குப்புலி, பாத்துச் சொல்லு."

வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். ரேடியோவின் முதுகில் ஐம்பது வாட் என்று எழுதியிருந்தது. கூடத்துப் பல்பு அறுபது, அடுப்படிப் பல்பு நாற்பது. கூடத்தில் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு ரேடியோ கேட்டால் செலவு ஏறாது என்றேன். அப்படியே செய்தோம். எதிரி நிலையத்தைக் கேட்பது குற்றம் என்பதால் சன்னலையும் சாத்தினோம். இருட்டில் அம்மா செபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டு அண்ணாச்சி, "என்னடே, உள்ள எலி புடிக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாசித்தவர் "தூத்துக்குடி" என்றார். அடுத்து வந்த பெயரை இரைச்சல் விழுங்கிவிட்டது.

அம்மா ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திரும்பச் சொல்லச் சொல்லுலே," என்றாள் என்னிடம்.

வேறு வேளையில் மறுபடி வாசித்துவிட்டால்? காலையிலும் மத்தியானத்திலும் ரேடியோ ஓடத் தொடங்கியது. கூடத்துப் பல்பை அடியோடு நிறுத்தினோம். அதுவும் போதவில்லை.

"அடுப்படி வெளக்க அணைச்சா எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டாள் அம்மா.

சொன்னேன். அன்றே அணைத்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். அடுப்பின் வெளிச்சத்தில் மீன் அறுத்து, விரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. அப்பா பில்லைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஆனால் பில் ஏறினால் பெட்டி போய்விடும் என்ற பயம் அம்மாவை விடவில்லை.

மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை சந்தேகப்பட்டார். "யம்மா, ரேடியோ வாங்கியாச்சுன்னு கேள்விப்பட்டேன். யூனிட்டு மாறவே இல்லையே, ஓடலையா?"

"அது ஓடுதுய்யா. நாங்கதான் வெளக்கு போடுறதில்ல."

1945இல் போர் முடிந்தது. அந்த நிலையமும் நின்றுபோனது. அண்ணன் பெயரும் வரவில்லை, அவனும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அப்பா எழுந்து கூடத்துப் பல்பைப் போட்டார். மூன்றரை வருஷங்களுக்குப் பிறகு அந்த வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்தேன். தலை முழுவதும் நரைத்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அவள் எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

"யூனிட்டு ஏறிரும்," என்றாள்.